இடாப்பில் பேர் விடுபட்ட பிள்ளை

(எமது சங்கத்தின் கல்விப் பிரிவும் மாதர் பிரிவும் இணைந்து நடத்திய தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் இங்கே தருகிறோம்.)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, செக்ரோலில் உங்கள் பேர் விழாவிட்டால் என்ன செய்வீர்கள்? அரைப் பேர் போட்டாலே கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறோம். முழுப் பேரும் விடுபட்டால் மறுநாள் காலையில் தலைவர் ஆபீஸ் வாசலில் நிற்பார். கேட்பதற்கு நமக்கு ஆள் இருக்கிறது. அதற்காகத்தான் மாதா மாதம் சந்தா கட்டுகிறோம்.

பாடசாலையிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது. அதை நாங்கள் வரவு இடாப்பு என்போம். அதில் ஒரு பிள்ளையின் பேர் விடுபட்டால் யார் கேட்பார்கள்? தாய் கேட்பாள், தகப்பன் கேட்பார். தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு யார் கேட்பது?

நான் ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்தில் பாடசாலை ஒன்றில் உதவியாளராக வேலை செய்யும் என்னுடைய பழைய மாணவி ஒருத்தி சில ஆய்வு அறிக்கைகளை எனக்கு அனுப்பிவைத்தாள். பெரியவர் யாரும் கூட வராமல், தனியாக நாடு விட்டு நாடு வந்து சேரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய அறிக்கைகள் அவை. "சேர், நேரம் இருந்தா வாசிச்சுப் பாருங்க" என்றுதான் எழுதியிருந்தாள். வாசித்தேன். வாசித்ததில் உங்களுக்குப் பயன்படக்கூடியதை இன்று சொல்லப் போகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைப்பேன். அதை ஏற்பதா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

யார் இந்தப் பிள்ளைகள்?

ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா, ஈரான், வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து இந்தப் பிள்ளைகள் இங்கிலாந்துக்கு வருகிறார்கள். சிலர் யுத்தத்துக்குத் தப்பி வருகிறார்கள். சிலர் கட்டாய இராணுவச் சேவைக்குத் தப்பி வருகிறார்கள். சிலரைக் குடும்பமே கடன் பட்டு அனுப்பிவைக்கிறது. வழியில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. லொறிக்குள் ஒளிந்தும், காற்றடைத்த சின்னப் படகிலும் கடல் தாண்டி வந்து சேருகிறார்கள். நம்முடைய நாட்டில் யுத்தம் நடந்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் இப்படித் தனியாக அனுப்பப்பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

2024 மார்ச் மாத முடிவில், இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகளின் பராமரிப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 7,380 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் ஆண் பிள்ளைகள். பெரும்பாலானோருக்கு வயது 16, 17. சுவீடனுக்கு 2015ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 35,369 பிள்ளைகள் தனியாக வந்து தஞ்சம் கேட்டார்கள்.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி, இப்படி வந்த பிள்ளையைப் பொறுப்பேற்றுப் பராமரிப்பது அந்த இடத்து உள்ளூராட்சி சபையின் கடமை. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சபையின் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் வேறு வேறு பாடசாலைகளில் படிப்பார்கள் அல்லவா? அவர்கள் எல்லாரையும் ஒரே பாடசாலைப் பிள்ளைகள் போலக் கணக்கில் வைத்துக் கவனிக்க ஒவ்வொரு சபையும் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டிலிருந்து அது சட்டம். அவருக்குக் கட்டடம் கிடையாது, வகுப்பறை கிடையாது. அவரிடம் இருப்பது பிள்ளைகளின் பட்டியல். எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை, எந்தப் பிள்ளைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை, எந்தப் பிள்ளை பாடத்தில் பின்னுக்குப் போகிறது என்று பார்த்துக் கேட்பது அவர் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டமும் எழுதிவைக்க வேண்டும்.

அதாவது, தாய் தகப்பன் கேட்கிற கேள்வியைக் கேட்பதற்குச் சட்டம் போட்டு ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.

காத்திருப்பதிலேயே போகும் காலம்

சட்டம் இருந்தும் நடப்பது என்ன என்று பார்த்தால், அங்கேதான் ஆய்வுகள் நமக்கு உதவுகின்றன.

பராமரிப்புக்கு வந்த பிள்ளைக்கு 20 பாடசாலை நாட்களுக்குள் படிக்க இடம் கிடைக்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கிறது. 2018ஆம் ஆண்டில் யுனிசெப் அமைப்பின் பிரித்தானியப் பிரிவுக்காக ஓர் ஆய்வு செய்யப்பட்டது. தனித்து வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் 20 நாட்களுக்குள் இடம் கொடுத்த பிரதேசம் ஒன்றுகூட அந்த நாட்டில் இல்லை என்று அந்த ஆய்வு கண்டது. இடைநிலைப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் நான்கில் ஒரு பங்கு வரையான பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்திருக்கிறது.

ஏன் இந்தத் தாமதம்? பிள்ளை 15, 16 வயதில் வருகிறது. நம்முடைய சாதாரண தரப் பரீட்சையைப் போல அங்கேயும் 16 வயதில் ஒரு பொதுப் பரீட்சை உண்டு. மொழி தெரியாத பிள்ளையைப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது சேர்த்தால் பாடசாலையின் சித்தி வீதம் குறைந்துவிடும் என்று சில பாடசாலைகள் தயங்குகின்றன. வருடத்தின் நடுவில் வந்த பிள்ளையை, "அடுத்த செப்டெம்பரில் வா" என்கின்றன சில கல்லூரிகள். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறது. பேசுவதற்கு மொழி இல்லை. போவதற்கு இடம் இல்லை. யோசிப்பதற்கு மட்டும் எவ்வளவோ இருக்கிறது.

பரீட்சைப் பெறுபேறு பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் கல்விக் கொள்கை நிறுவனம், 2017ஆம் ஆண்டில் அந்த 16 வயதுப் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பெறுபேறுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளும் தஞ்சம் கேட்டு வந்த பிள்ளைகளும், உள்ளூர்ப் பிள்ளைகளைவிடச் சராசரியாக ஏறத்தாழ 17 மாதப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். தனியாக வந்த பிள்ளைகளோ ஏறத்தாழ 37 மாதம் பின்தங்கியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கும் மேல்.

இந்த எண்ணைக் கேட்டவுடன், "அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நமது பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொன்னவர்களை நமக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு போதும் என்றார்கள். இன்று நமது பிள்ளைகள் பல்கலைக்கழகத்திலும் நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் இருக்கிறார்கள். அந்த 37 மாதத்தில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பாடசாலையே இல்லாமல் பிரயாணத்தில் போன காலம் இருக்கிறது. புது மொழி படிக்கும் காலம் இருக்கிறது. இடம் கிடைக்கும்வரை காத்திருந்த காலம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்க ஆள் இல்லாத மாலை நேரங்கள் இருக்கின்றன.

இந்தப் பிள்ளைகளிடம் பேசிய ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதும் விஷயம் ஒன்று உண்டு. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், இவர்களில் பெரும்பாலானோர் முதலில் சொல்வது படிப்பைத்தான்.

பேசாத பிள்ளை

ரவி கோலி என்றொரு ஆய்வாளர் இங்கிலாந்தில் இருக்கிறார். தனியாக வந்த பிள்ளைகளோடு வேலை செய்யும் சமூக சேவை உத்தியோகத்தர்களின் அனுபவங்களைக் கேட்டு ஆராய்ந்தவர். 2006ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு கட்டுரை, இந்தப் பிள்ளைகளின் மௌனத்தைப் பற்றியது.

வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஏன் வந்தாய்? எப்படி வந்தாய்? யார் அனுப்பினார்? பிள்ளை ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. உத்தியோகத்தர்களுக்குச் சந்தேகம் வருகிறது. கோலி சொல்வது, அந்த மௌனத்தைப் பொய் என்று எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள் என்பதுதான். சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து வருமோ என்ற பயம் இருக்கலாம். நினைத்தாலே தாங்க முடியாத விஷயமாக இருக்கலாம். நம்பிக்கை வந்த பிறகு, அந்தப் பிள்ளைக்குச் சரி என்று படுகிற நேரத்தில் கதை வெளியே வரும். அதுவரைக்கும் சாப்பாடு, படுக்கை, பாடசாலை, வைத்தியம் என்று அன்றாட வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதே பெரிய உதவி.

பின்னர் அவர் இதையே மூன்று தேவைகளாகச் சொன்னார். பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். தனக்கென்று ஓர் இடமும் ஆட்களும் வேண்டும். முன்னேறுகிறேன் என்ற உணர்வு வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கக்கூடியது எங்கே என்று யோசித்துப் பார்த்தால், நல்ல பாடசாலை ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடிகிறது.

ஆனால் பாடசாலையால் மட்டும் எல்லாம் முடியாது. தஞ்சக் கோரிக்கை ஏற்கப்படாத பிள்ளைக்குக் கொடுக்கப்படும் தற்காலிக அனுமதி பதினேழரை வயதோடு முடிந்துவிடும். பரீட்சைக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஆயத்தமாகும் அதே வயதில், "நான் இங்கே இருக்கலாமா, திருப்பி அனுப்புவார்களா?" என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்குகிறது. வயதை நிரூபிக்கக் கடதாசி இல்லாத பிள்ளையை, "நீ பெரியவன்" என்று அதிகாரிகள் தீர்மானித்துவிட்டால், பெரியவர்களின் விடுதிக்குப் போக வேண்டியதுதான். சிறுவர் பராமரிப்பும் இல்லை, பாடசாலையும் இல்லை.

கடதாசி என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கிய சனத்தின் பேரப்பிள்ளைகள் நாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தேடி அலைந்த பெற்றோர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாததால் காணாமல் போனவர்கள்

பட்டியலில் பேர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து, தனியாக வந்த பிள்ளைகளை உள்ளூராட்சி சபைகளிடம் உடனே ஒப்படைக்காமல், உள்துறை அமைச்சு ஹோட்டல்களில் தங்கவைக்கத் தொடங்கியது. சபைகளிடம் இடமில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஹோட்டலில் இருந்த பிள்ளை எந்தச் சபையின் பட்டியலிலும் இல்லை. ஆகவே அதற்குக் கல்வித் திட்டம் இல்லை, பாடசாலை இடம் இல்லை, கேட்கப் பொறுப்பான அதிகாரியும் இல்லை.

2023 ஜனவரியில் பாராளுமன்றத்தில் அமைச்சர் பதில் சொன்னார். அதுவரைக்கும் 4,600 பிள்ளைகள் ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளைகள் காணாமல் போன சம்பவங்கள் 440. அந்த நேரத்தில் 200 பிள்ளைகள் திரும்பக் கிடைக்கவில்லை. பணக்கார நாடு ஒன்றில், அரசாங்கம் தங்கவைத்த இடத்திலிருந்து 200 பிள்ளைகள்!

அந்த வருடம் ஜூலை மாதம், இப்படி வழக்கமாக ஹோட்டல்களில் வைப்பது சட்டவிரோதம் என்று இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் உரிமைக்காக வேலை செய்யும் அமைப்புகள் விடாமல் கேள்வி கேட்டபடியால் அந்தத் தீர்ப்பு வந்தது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அது அப்படியே நடந்துகொண்டிருக்கும்.

இரவில் வேலை, பகலில் பாடசாலை

இனி அமெரிக்காவைப் பற்றிச் சொல்கிறேன். தொழிற்சங்கத்தவர்களாகிய நாம் மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான்.

1975ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிய அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு அரச பணம் கிடையாது, பாடசாலைகள் அவர்களைச் சேர்க்காமல் விடலாம் என்றது அந்தச் சட்டம். டைலர் என்ற ஊரில் வருடத்துக்கு 1,000 டொலர் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது கதவைச் சாத்துவதற்குச் சமம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982 ஜூன் மாதம், ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக நின்று, அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரியவர்கள் செய்த காரியத்துக்காகப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கடதாசி இல்லாத பிள்ளைக்கும் அந்த நாட்டின் அரச பாடசாலையில் இடம் உண்டு என்பது அன்றைக்கு உறுதியானது.

ஆக, பாடசாலைக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவால் உள்ளே போகப் பல பிள்ளைகளுக்கு நேரமில்லை.

2022ஆம் நிதியாண்டில் மட்டும், தனியாக வந்த ஏறத்தாழ 1 இலட்சத்து 29 ஆயிரம் பிள்ளைகள் அமெரிக்க அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தார்கள். பெரும்பாலானோர் குவாத்தமாலா, ஹொண்டுராஸ், எல் சல்வடோர் நாடுகளைச் சேர்ந்தவர்கள். சில வாரங்களில் அவர்களை ஒரு சொந்தக்காரரிடமோ தெரிந்தவரிடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள். பிரயாணத்துக்குப் பட்ட கடன் இருக்கிறது. ஊரில் தாய், தம்பி தங்கை இருக்கிறார்கள். தங்கியிருக்கும் வீட்டில் வாடகைக்குப் பங்கு கொடுக்க வேண்டும். பிள்ளை வேலைக்குப் போகிறது.

2023 பெப்ரவரியில் அந்த நாட்டின் தொழில் திணைக்களம் ஒரு விசாரணையின் முடிவை வெளியிட்டது. இறைச்சித் தொழிற்சாலைகளைச் சுத்தம் செய்யும் ஒரு கம்பனி, எட்டு மாநிலங்களில் 13 தொழிற்சாலைகளில், 13 முதல் 17 வயது வரையான 102 பிள்ளைகளை இரவு வேலைக்கு வைத்திருந்தது. கடுமையான இரசாயனங்களைக் கொண்டு, மாட்டின் எலும்பை அறுக்கும் வாள்களைக் கழுவுவது வேலை. கம்பனிக்குத் தண்டப்பணம் 15 இலட்சம் டொலர். அதே மாதம் ஹன்னா ட்ரையர் என்ற பத்திரிகையாளர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில், தனியாக வந்த பிள்ளைகள் நாடு முழுக்க எப்படி வேலை வாங்கப்படுகிறார்கள் என்று எழுதினார். அந்த எழுத்துக்காக 2024இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஆசிரியர் தன் மாணவி ஒருத்தியைப் பற்றி அவரிடம் சொன்னார். இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து வகுப்பிலேயே மயங்கி விழுவாளாம். இரண்டு தரம் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். வேலையை விட முடியாததால் கடைசியில் பாடசாலையை விட்டுவிட்டாள்.

ஸ்டெபனி கனிசாலெஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இப்படிப்பட்ட இளைஞர்களோடு பல வருடம் பழகி ஒரு நூல் எழுதினார். 2024இல் வெளிவந்தது. தையல் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் வீட்டு வேலையிலும் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பலர் அந்த நாட்டுப் பாடசாலைக்குள் கால் வைத்ததே இல்லை. அவர் சொல்லும் ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். சொந்தக்காரர் வீட்டில் வந்து இறங்கினாலும், அந்தச் சொந்தக்காரரே குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்தால், அன்பு இருந்தும் பிள்ளையைப் படிக்கவைக்க அவரால் முடிவதில்லை. சித்தப்பா கெட்டவர் அல்ல. அவர் சம்பளம் போதவில்லை.

தோழர்களே, பெரியவரின் சம்பளமும் பிள்ளையின் படிப்பும் ஒரே கணக்கு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நமது இடாப்பு

இனி நம்முடைய இடத்துக்கு வருகிறேன். நமது பிள்ளைகள் எல்லை தாண்டி வந்த அகதிகள் அல்லர். அந்தப் பிள்ளைகளின் துன்பத்தை நமது துன்பத்தோடு சமப்படுத்த நான் வரவில்லை. ஆனால் தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்க, தகப்பன் கொழும்பில் வேலை செய்ய, அப்பத்தாவோடோ அம்மாயியோடோ லயத்தில் வளரும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு புரோக்கருடன் கொழும்புக் கடைக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் கேள்வி ஒன்றுதான்: யார் கேட்பது?

இதில் என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் படிப்பித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தாய் வெளிநாட்டில். அப்பத்தா வீட்டில் வளர்ந்தான். அதிகம் பேச மாட்டான். கணக்கில் கெட்டிக்காரன். தீபாவளி விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது அவன் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை என்று போட்டேன். இரண்டாம் வாரமும் போட்டேன். பிறகு, விதிப்படி, சிவப்பு மையால் அவன் பேரை வெட்டிவிட்டேன். அவன் இருந்த லயம் பாடசாலையிலிருந்து அரை மைல். நான் போகவில்லை. எனக்கு 40 பிள்ளைகள் இருந்தார்கள், பாடத்திட்டம் முடிக்க வேண்டியிருந்தது என்று அன்றைக்குக் காரணம் வைத்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அவனை பஸ் நிலையத்தில் கண்டேன். கடை வேலையிலிருந்து லீவில் வந்திருந்தான். மரியாதையாகப் பேசினான். போகும்போது, "அப்பத்தா சொல்லிச்சு சேர், நான் போன பொறகு ரெண்டு கெழமையா யாராவது சேர்மார் வந்து கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்துச்சாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

அந்த மாணவி அனுப்பிய அறிக்கைகளை வாசித்தபோது அந்தச் சிவப்புக் கோடுதான் என் கண்ணில் நின்றது. ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் தாயோ தகப்பனோ இருவருமோ வெளியில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை மாதர் தலைவி வைத்திருக்க வேண்டும். யார் யார் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பட்டியலைக் கவனமாக வைத்திருங்கள். அதை வைத்து யாரும் அந்தப் பிள்ளையையோ வெளிநாட்டில் உழைக்கும் தாயையோ குறை பேசக் கூடாது.

இரண்டாவது, நமது பிரதேசப் பாடசாலை அதிபர்களைச் சந்தித்து, அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளை தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் தலைவிக்குச் சொல்லும்படி கேட்போம். தலைவியும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் எந்தப் பேரையும் வெட்ட வேண்டாம் என்று கேட்போம். போகிறவர்கள் விசாரணை நடத்தப் போக வேண்டாம். பிள்ளை பேசாவிட்டால் பேசாமலே இருக்கட்டும். "உன்னைத் தேடி வந்தோம்" என்று தெரிந்தால் போதும்.

மூன்றாவது, வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளையை வருடத்தின் நடுவில் என்றாலும் சேர்த்துக்கொள்ளும்படி வற்புறுத்துவோம். சித்தி வீதம் குறையும் என்ற காரணத்தை நாம் ஏற்கக் கூடாது. காத்திருக்கவைத்த பிள்ளை திரும்பி வருவது கஷ்டம் என்பதை இங்கிலாந்தின் அனுபவத்தில் பார்த்தோம்.

நான்காவது, சட்டத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். நமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டிலிருந்து 16. அதற்குக் குறைந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக யாராவது லயத்துக்கு வந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பின்வரிசையில் ஒரு அம்மா தலையை ஆட்டுவது தெரிகிறது. "சேர் நல்லாத்தான் பேசுறாரு, வீட்டில அரிசி இல்லாட்டி என்ன செய்றது?" என்று நினைக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பட்டியல் அரிசி வாங்கித் தராது. அதனால்தான் சம்பளப் போராட்டத்தை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதோடு சேர்த்துச் செய்யுங்கள் என்கிறேன். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது, இந்தச் சம்பளத்தால் இத்தனை பிள்ளைகள் இந்த வருடம் பாடசாலையை விட்டார்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். இன்று அந்த எண்ணிக்கை நம் கையில் இல்லை. பட்டியல் இருந்தால் இருக்கும்.

செக்ரோலில் பேர் விடுபட்ட தொழிலாளிக்காகக் கேட்கத் தெரிந்த சங்கம் இது. இடாப்பில் பேர் விடுபடும் பிள்ளைக்காகவும் கேட்கட்டும். இந்த நான்கு கோரிக்கைகளையும் இன்றைய கூட்டத்தின் முன் வைக்கிறேன். யாராவது முன்மொழிந்து, வழிமொழிந்து, முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்தால், முதல் பட்டியலில் வருகிற வீடுகளுக்குப் போக நானும் வருகிறேன். முழங்கால் வலிதான். ஆனாலும் ஏறுவேன்.